படத்தின் மேல் ஊர்ப்பெயர்

இணையதளம் கட்ட உதவும் ஜாங்கோவில் படம் ஏற்ற வசதி செய்வது ஒரு வரி வேலை. மாடலில் 'இமேஜ்ஃபீல்டு' என்று போட்டால் போதும். ஆனால் அந்த வரியை எழுதி இயக்கிய உடனேயே, 'பில்லோ நிறுவப்படவில்லை' என்று சொல்லி நின்றுவிடும். ஜாங்கோவுக்குப் படத்தைப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அதற்குப் பில்லோ என்ற இன்னொரு தொகுப்பு வேண்டும். படத்தைப் பல அளவுகளில் சுருக்கிச் சேமித்து, கேட்டபோது எடுத்துத் தரவேண்டுமானால் அதற்கு மேல் இன்னோர் ஆட்-ஆன் வேண்டும். ஆக, நாம் ஒன்றை நிறுவுகிறோம் என்று நினைத்து, பல பேரின் உழைப்பை அடுக்கடுக்காக வீட்டுக்குள் அழைத்து வருகிறோம். இதை எனக்குப் புரியவைத்தவை எங்கள் ஊர்ப் படங்கள்தான்.

லால்குடி, அன்பில், பூவாளூர், வாளாடி, மாந்துறை என்று எங்கள் பக்கத்து ஊர்களின் பழைய படங்களை ஒரே இடத்தில் சேர்க்கவேண்டும் என்று ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆரம்பித்த வேலை அது. ஸ்டூடியோ வைத்திருக்கும் ஓர் அண்ணன், தன்னிடம் பெட்டி பெட்டியாக இருந்த பிரிண்ட்களையும் நெகட்டிவ்களையும் கொடுத்தார். சப்தரிஷீஸ்வரர் கோயில் தேர், பெருவளை வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்ட நாள், அரியலூர் பக்கம் போகும் ரயிலுக்குக் காத்து நிற்கும் கூட்டம், பள்ளிக்கூட குரூப் போட்டோக்கள், 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் தூண்கள் சரிவதற்கு முந்தைய பழைய கொள்ளிடம் பாலம் எல்லாம் அதில் இருந்தன. இணையதளம் செய்யும் பொறுப்பு எனக்கு வந்தது. திருச்சியில் என் பிழைப்பே ஜாங்கோதான் என்பதால் அதையே எடுத்துக்கொண்டேன். அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்து லாரன்ஸ் என்ற ஊரின் செய்தித்தாள் அலுவலகத்தில் பிறந்து, 2005 ஜூலையில் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்ட மென்பொருள் அது. ஜாங்கோ ராயின்ஹார்ட் என்ற கிதார் கலைஞரின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். லால்குடி ஜெயராமனின் வயலினால் உலகம் அறிந்த ஊரில் பிறந்தவனுக்கு அந்தப் பெயர் மேல் ஒரு தனிப் பிரியம் உண்டு.

எங்கள் தேவை இவ்வளவுதான். பட்டியலில் காட்டச் சின்னப் படம், பக்கத்தில் காட்ட நடுத்தர அளவுப் படம், மூலப்படத்துக்குக் கை படாத பாதுகாப்பு. இவற்றோடு ஆசிரியர் ஒன்று கேட்டார். வாட்ஸ்அப்பில் ஒரு படம் இரண்டு குழு தாண்டினால் அது எந்த ஊர், எந்த இடம் என்ற விவரம் உதிர்ந்துவிடுகிறது. அதனால் நடுத்தரப் படத்தின் ஓரத்திலேயே ஊர்ப்பெயரையும் இடத்தின் பெயரையும் எழுதிவிட வேண்டும் என்றார். நியாயமான கோரிக்கை. முழு வேலையிலும் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது இந்தக் கோரிக்கைதான்.

ஆட்-ஆனைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பது, கடைசிப் பதிப்பு எப்போது வந்தது, பில்லோவின் எந்தப் பதிப்புவரை ஒத்துப்போகும், பதிலில்லாமல் கிடக்கும் புகார்கள் எப்படிப்பட்டவை, தன்னோடு வேறு என்னென்ன தொகுப்புகளை இழுத்து வருகிறது என்பவை. பெயரை எழுத்து எழுத்தாகச் சரிபார்ப்பதும் இதில் சேரும். பிரபலமான தொகுப்புகளின் பெயரைப் போலவே, ஓர் எழுத்து இரண்டு எழுத்து மாற்றி, ஜாங்கோவும் பில்லோவும் இறங்கிவரும் பைத்தான் மொழியின் களஞ்சியத்தில் யாரோ ஏற்றிவைத்திருந்த போலிகளை 2017-ல் ஸ்லோவாக்கிய அரசின் பாதுகாப்பு அமைப்பு கண்டுபிடித்து எச்சரித்தது. கை தவறி அடித்தால் அந்நியரின் நிரல் நம் கணினிக்குள் வந்து உட்கார்ந்துவிடும்.

முதலில் பார்த்த ஆட்-ஆன் எளிமையானது, விளக்கமும் நன்றாக எழுதப்பட்டிருந்தது. நிறுவினேன், ஆப் பட்டியலில் சேர்த்தேன், மைக்ரேட் ஓட்டினேன். எல்லாம் பச்சை. முதல் படத்தைச் சுருக்கச் சொன்னதும் 'ஆன்டிஅலையாஸ் என்று ஒன்று இல்லை' என்ற எர்ரரோடு நின்றது. படத்தைச் சுருக்கும் ஒரு முறைக்குப் பில்லோவில் வெகுநாளாக இருந்த பெயர் அது. அதே முறைக்கு 'லான்சோஸ்' என்ற பெயரும் இருந்ததால், முன்கூட்டியே எச்சரித்துவிட்டு, 2023 ஜூலையில் வந்த பில்லோ 10-ல் பழைய பெயரை எடுத்துவிட்டார்கள். ஆட்-ஆனை எழுதியவர் அதற்கு முன்பே பராமரிப்பதை நிறுத்தியிருந்தார். அவர் மீது எனக்கு வருத்தம் இல்லை. சம்பளமில்லாமல் செய்த வேலையை ஒருவர் ஒரு நாள் நிறுத்துவது அவர் உரிமை. பில்லோவைப் பழைய பதிப்பிலேயே கட்டிவைத்து அந்த ஆட்-ஆனை ஓட்டலாம் என்று சக ஊழியர் சொன்னார். நான் ஒப்பவில்லை. படங்களைத் திறக்கும் நிரல் பழையதாக இருப்பது ஆபத்து. வெளியிலிருந்து யார் யாரோ அனுப்பும் கோப்புகளைத் திறப்பதே அதன் தொழில். 2023 செப்டம்பரில் வெப்பி படங்களைப் பிரிக்கும் 'லிப்வெப்பி'யில் கடுமையான ஓட்டை ஒன்று வெளிவந்தபோது, குரோம், ஃபயர்பாக்ஸ் எல்லாம் அவசரமாகத் திருத்தம் வெளியிட்டன. அந்த லிப்வெப்பியைத் தன்னுள் வைத்திருந்த பில்லோவும் 10.0.1 என்று புதுப் பதிப்பைக் கொடுத்தது. பழைய பதிப்பில் கட்டிப்போட்டிருந்தவர்களுக்கு அந்தத் திருத்தம் போய்ச் சேர்ந்திருக்காது.

பராமரிப்பில் இருக்கும் வேறோர் ஆட்-ஆனுக்கு மாறினேன். சின்னப் படங்கள் ஒழுங்காக வந்தன. ஆசிரியர் தன் போனில் எடுத்து அனுப்பிய படங்கள் மட்டும் படுத்துக் கிடந்தன. கோபுரம் ஒருபக்கமாகச் சாய்ந்து படுத்திருந்தது. போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தாலும் கேமரா பெரும்பாலும் படத்தைப் படுக்கையாகவே சேமிக்கிறது. 'காட்டும்போது திருப்பிக் காட்டு' என்று எக்ஸிஃப் என்ற குறிப்பில் எழுதிவைக்கிறது. ஜேபெக் படத்தைச் சுருக்கிச் சேமிக்கும்போது, நாம் சொல்லாவிட்டால் பில்லோ அந்தக் குறிப்பை எடுத்துக்கொண்டு போவதில்லை. திருப்பச் சொன்ன சீட்டு தொலைந்துவிடுகிறது. சுருக்குவதற்கு முன்பே குறிப்பைப் படித்துப் படத்தைத் திருப்பிவிடும் வசதி 2019-ல் வந்த பில்லோ 6-லிருந்தே இருக்கிறது. ஆட்-ஆனின் அமைப்பில் அதை இயக்கிவிட்டதும் கோபுரம் நிமிர்ந்தது.

அடுத்தது குரூப் போட்டோக்கள். ஸ்டூடியோ அண்ணன் தன் தொழிலில் குறை வைக்காதவர். 12-க்கு 15 அங்குலப் பள்ளிக்கூடப் படம் ஒன்றை 1,200 டிபிஐயில் ஸ்கேன் செய்து கொடுத்தார். 14,400-க்கு 18,000, அதாவது சுமார் 26 கோடி புள்ளிகள். பில்லோ அதைத் திறக்க மறுத்தது. 'டிகம்ப்ரஷன் பாம்' என்று எர்ரர் காட்டியது. சின்னக் கோப்பாகத் தோற்றம் காட்டி, திறந்ததும் நினைவகத்தை முழுவதும் விழுங்கிச் சர்வரைச் சாய்க்கும் கோப்புகளுக்கு அந்தப் பெயர். சுமார் 8.9 கோடி புள்ளிகளைத் தாண்டினால் பில்லோ எச்சரிக்கும், அதன் இருமடங்கைத் தாண்டினால் மறுத்துவிடும். வரம்பை எடுத்துவிட ஒரே வரி போதும். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு புள்ளிக்கு 3 பைட் என்றால் அந்த ஒரு படத்துக்கு ஏறக்குறைய 780 எம்பி நினைவகம் வேண்டும். எங்கள் சர்வரில் இருந்ததே ஒரு ஜிபி. வரம்பு வைத்தவர் சரியாகத்தான் வைத்திருக்கிறார். அண்ணனிடம் சொன்னேன்; 600 டிபிஐயில் மறுபடி ஸ்கேன் செய்து தந்தார். பழைய பிரிண்டில் அதற்கு மேல் விவரம் கிடைப்பது அரிது. கடைசி வரிசைப் பையனின் சட்டைப் பொத்தான்வரை அதிலேயே தெரிந்தது.

இனி எழுத்து விஷயம். ஊர்ப்பெயர் எழுதும் பகுதியை என் மடிக்கணினியில் செய்து பார்த்தபோது அச்சடித்ததுபோல் வந்திருந்தது. சர்வரில் ஏற்றி, அண்ணனுக்குச் சுட்டியை அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"தம்பி, படத்துக்குக் கீழ எழுதியிருக்கிறது சரியா இருக்கு. படத்து மேல இருக்கிறது நம்ம எழுத்தாவே தெரியலையே."

"ஃபான்ட் மாறியிருக்குமாண்ணே?"

"ஃபான்ட் இல்ல தம்பி. கொள்ளிடத்துல கொம்பு 'க'வுக்கு அந்தப் பக்கம் போய் நிக்குது. நம்ம ஊர் பேர்ல 'கு'வே இல்ல, 'க' தனியா, சுழி தனியாக் கெடக்கு. ஒரு போர்டு இப்படி எழுதினா கடைக்காரன் காசு குடுப்பானா?"

பார்த்தேன். அவர் சொன்னது அத்தனையும் சரி. 'பெருவளை'யில் ஒற்றைக்கொம்பு 'ப'வைத் தாண்டி நின்றது. 'ளை'யின் இணைக்கொம்பும் எழுத்துக்குப் பின்னால் போயிருந்தது. 'லால்குடி'யில் முதல் இரண்டு எழுத்து தப்பித்திருந்தது, 'கு'வும் 'டி'யும் உடைந்திருந்தன. பக்கத்தின் கீழே அதே பெயர், அதே ஃபான்டில் பிழையில்லாமல் இருந்தது.

இதன் காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் தமிழில் வேலை செய்கிற யாருக்கும் இது நேரும். யூனிகோடில் 'கு' என்று தனி இடம் கிடையாது. 'க' ஓர் இடம், உகரக் குறி ஓர் இடம். அடுத்தடுத்து வரும் இரண்டையும் சேர்த்து 'கு' என்ற வடிவத்தை எடுத்து வைப்பதும், கொம்பைப் பின்னாலிருந்து முன்னால் கொண்டுவருவதும் வேறொரு நிரலின் வேலை. ஃபயர்பாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு போன்றவற்றில் ஹார்ஃப்பஸ் என்ற நிரல் அதைச் செய்கிறது. அதனால்தான் பக்கத்தில் எழுத்து சரியாக இருந்தது. படத்தின் மேல் எழுதுவது உலாவி அல்ல, சர்வரில் இருக்கும் பில்லோ. அது தன் அடிப்படை முறையில் ஒரு குறியீட்டுக்கு ஒரு வடிவம் என்று வந்த வரிசையில் வைத்துக்கொண்டே போகும். ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழுக்குப் போதாது.

பில்லோவுக்கும் ஹார்ஃப்பஸ்ஸுக்கும் நடுவே பாலமாக 'ரக்ம்' என்ற ஒரு சிறு நூலகம் இருக்கிறது. பில்லோவில் அதற்கான வசதி 2017-லேயே வந்துவிட்டது. 2021-ல் வந்த 8.2 பதிப்பிலிருந்து, பிப் என்ற நிறுவி மூலம் இறங்கும் தயார்ப் பொதிகளிலேயே ரக்ம் சேர்ந்து வருகிறது. ஆனால் அது வேலை செய்ய ஃப்ரிபிடி என்ற இன்னொன்று வேண்டும். வலமிருந்து இடம் எழுதும் மொழிகளின் வரிசையை ஒழுங்கு செய்வது ஃப்ரிபிடி. அதைப் பில்லோ தன்னோடு எடுத்து வராது, கணினியில் ஏற்கனவே இருக்கிறதா என்று தேடும். என் மடிக்கணினியில் இருந்தது. தேவையற்றதையெல்லாம் நீக்கிய சர்வரில் இல்லை. தமிழுக்கு வலமிருந்து இடம் எழுதும் வழக்கமே இல்லாவிட்டாலும், ஃப்ரிபிடி இல்லையென்றால் ரக்ம் எழாது. ரக்ம் எழாவிட்டால் பில்லோ எர்ரர் எதுவும் காட்டாமல் அடிப்படை முறைக்கு இறங்கிவிடும். நிறுவல் பச்சை, சோதனை பச்சை, படத்தில் மட்டும் ஊர்ப்பெயர் உடைந்திருக்கும்.

சர்வரில் ஃப்ரிபிடியை நிறுவ ஒரு வரிக் கட்டளைதான். நிறுவி, சர்வரை மறுபடி தொடங்கியதும் கொம்பு தன் இடத்துக்கு வந்தது. ஆனாலும் அதோடு நான் விடவில்லை. தளம் தொடங்கும்போதே ரக்ம் இருக்கிறதா என்று பில்லோவின் 'ஃபீச்சர்ஸ்' வழியாகக் கேட்டு, இல்லையென்றால் படத்தின் மேல் எழுதவே கூடாது என்று நிறுத்திவைத்தேன். உடைந்த தமிழைப் போடுவதைவிடப் பெயர் இல்லாத படம் மேல்.

இந்த வேலைக்குள் போனபோதுதான் இதன் பின்னால் இருப்பவர்களைப் பற்றித் தேடிப் படித்தேன். பைத்தானில் படங்களைக் கையாள 1995-ல் பிஐஎல் என்ற நூலகத்தைத் தொடங்கியவர் ஸ்வீடனைச் சேர்ந்த ஃப்ரெட்ரிக் லுண்ட். 2009-க்குப் பிறகு அதில் புதுப் பதிப்பு வரவில்லை. ஜெஃப்ரி கிளார்க் என்பவர் 2010-ல் அதிலிருந்து பிரித்து வளர்த்ததுதான் பில்லோ. லுண்ட் 2021-ல் காலமானார். ஹார்ஃப்பஸ்ஸை வளர்த்தவர் ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபாபோட். ரக்ம் ஓமானில் தொடங்கப்பட்டது. அரபியும் பாரசீகமும் ஒழுங்காகத் தெரியவேண்டும் என்று அக்கறைப்பட்டவர்களின் உழைப்பில், கொள்ளிடக் கரை ஊர் ஒன்றின் பெயர் படத்தின் மேல் ஒழுங்காக நிற்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. அதே சமயம், தம் மொழிக்காக அவர்கள் உடைந்த எழுத்தைப் பார்த்துப் புகார் எழுதியதுபோல, நம் மொழிக்காக நாம்தான் பார்த்தாக வேண்டும் என்பதும் புரிந்தது. ஓர் ஆட்-ஆன், அதைச் செய்தவர்கள் கண்ணால் கண்ட சிக்கல்கள்வரைதான் வரும். எங்கள் அண்ணனின் கண் அதில் இல்லை.

எந்த ஆட்-ஆனும் கவலைப்படாத இன்னொன்றும் எங்கள் படங்களில் இருந்தது. சுற்றுவட்டாரக் கிராமத்துக் கோயில்களின் உற்சவ மூர்த்திகளை ஊர்க்காரர்கள் போனில் எடுத்து அனுப்பியிருந்தார்கள். திருவிழா அலங்காரம், புறப்பாடு, சில படங்கள் சன்னதிக்கு உள்ளேயே எடுத்தவை. போனில் இருப்பிட வசதி இயங்கிக்கொண்டிருந்தால், படுத்த கோபுரத்தை நிமிர்த்திய அதே எக்ஸிஃப் குறிப்பில், படம் எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் பதிந்திருக்கும். சின்னப் படத்தில் அது போய்விடுகிறது. மூலப்படத்தில் அப்படியே இருக்கிறது. ஜாங்கோவின் வழக்கமான அமைப்பில் மூலப்படங்கள் மீடியா என்ற கோப்புறையில் சேர்கின்றன. முகவரி தெரிந்தால் யாரும் இறக்கிக்கொள்ளலாம். காவலாளி இல்லாத சிறு கோயில், உள்ளே செப்புத்திருமேனி, கூடவே சில மீட்டருக்குள் துல்லியமான வழி. இதை நாமே தொகுத்துப் பொதுவில் வைக்கலாமா?

எங்கள் பகுதிக்கு இது வெறும் கற்பனைப் பயம் அல்ல. பக்கத்து அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்ட நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-ல் 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. அந்தத் திருமேனி 2014 செப்டம்பரில்தான் இந்தியா திரும்பியது. ஸ்ரீபுரந்தான் சிலைகள் கோயிலில் இருந்தவைதான் என்று அடையாளம் காட்ட உதவியவை புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய புகைப்படங்கள். 1950-களிலிருந்து ஊர் ஊராகப் போய்க் கோயில்களையும் திருமேனிகளையும் படமெடுத்துச் சேர்த்துவைத்த நிறுவனம் அது. ஆகவே படம் எடுக்காதே என்று யாரிடமும் சொல்லமாட்டேன். எடுத்த படம்தான் ஊருக்குச் சாட்சி. ஆனால் சாட்சியைப் பத்திரப்படுத்துவது வேறு, திருடனுக்கு வழி சொல்வது வேறு.

ஆசிரியரோடு பேசி முடிவெடுத்தோம். மூலப்படங்களை மீடியாவிலிருந்து எடுத்து, இணையம் வழியாக எட்டமுடியாத தனிக் கோப்புறைக்கு மாற்றினேன். அவற்றின் பிரதி ஒன்று வெளி ஹார்டு டிஸ்க்கில் ஆசிரியர் வீட்டு பீரோவில் இருக்கிறது. பொதுவில் போவது, இருப்பிடக் குறிப்பு நீக்கிய நடுத்தர அளவுப் படம் மட்டும். சன்னதிக்குள் எடுத்த படங்களை வெளியிடுவதில்லை. கோயில்காரர்கள் கேட்டால் முழு அளவில் கொடுக்கிறோம். ஒரு நாள் திருமேனியை அடையாளம் காட்ட வேண்டிவந்தால் அந்தக் குறிப்புகளும் தேவைப்படும் என்பதால் மூலத்திலிருந்து எதையும் அழிக்கவில்லை.

இப்போது தளத்தைப் பார்த்துக்கொள்வது உள்ளூர்க் கல்லூரி மாணவி ஒருவர். அவருக்காக எல்லாவற்றையும் தமிழில் ஒரு நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன். எந்தத் தொகுப்பு எந்தப் பதிப்பில் இருக்கிறது, எது எதை நம்பி நிற்கிறது, புதுப் பதிப்பு போட்டால் எந்தெந்தப் படங்களைத் திறந்து பார்க்கவேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. ஆட்-ஆன் செய்தவர்களுக்கும், உடைந்த படத்தையும் சரியான படத்தையும் அருகருகே வைத்து எழுதினேன். தங்கள் நிறுவல் விளக்கத்தில் ஃப்ரிபிடி பற்றி ஒரு வரி சேர்த்துவிட்டு, நன்றி சொல்லிப் பதில் போட்டார்கள்.

தமிழில் தளம் செய்கிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். படத்துக்கு எந்த ஆட்-ஆனை நிறுவினாலும், உங்கள் மடிக்கணினியில் அல்ல, சர்வரில், முதல் நாளே உங்கள் ஊர்ப்பெயரை ஒரு படத்தின் மேல் எழுதிப் பாருங்கள். கொம்பும் உகரமும் உள்ள பெயராகப் பாருங்கள். தமிழ் நன்றாக எழுதத் தெரிந்த ஒருவரிடம் அதைக் காட்டுங்கள். உடைந்திருந்தால் உங்கள் தளத்தை மட்டும் சரிசெய்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அந்தப் படத்தோடு அதைச் செய்தவர்களுக்கு எழுதுங்கள்.